நாள்முடிவில் ஒரு கணக்கு: பினாங்கில் ஆத்தும சோதனை மரபு

முன்னுரை

பிறர் குற்றத்தை ஆராய்வதில் மனிதன் வல்லவன். தன் குற்றத்தை ஆராய்வதிலோ அவன் தயக்கம் உடையவன். இந்த இயல்பை நன்குணர்ந்த வள்ளுவப் பெருந்தகை, குற்றங்கடிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அயலார் குறையைக் காணும் கண்ணோடு தன் குறையையும் காண வல்லவனுக்குத் தீங்கு நேராது என்னும் கருத்தைப் புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதியில் அமைத்தார். மாணிக்கவாசகரோ, தம் குறைகளை எல்லாம் எடுத்துரைத்து, 'என்னைக் கைவிட்டுவிடாதே' என இறைவனிடம் மன்றாடும் நீத்தல் விண்ணப்பத்தைப் பாடினார். ஆகவே, தன்னைத் தான் ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று.

இந்த ஆராய்ச்சியை நாள்தோறும் செய்ய வேண்டிய கடமையாக, காலம் குறித்து, முறை வகுத்து, இல்லறத்தார்க்கும் துறவறத்தார்க்கும் ஒருங்கே விதித்த மரபு ஒன்று கிறித்துவ சமயத்தில் உண்டு. 'ஆத்தும சோதனை' என்பது அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். இரவில் உறங்கச் செல்லுமுன் சிறிது நேரம் மௌனமாக இருந்து, அன்றைய நாளின் எண்ணம், சொல், செயல் ஆகியவற்றை இறைவன் திருமுன் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, நன்றிக்குரியதற்கு நன்றியும் வருந்துதற்குரியதற்கு வருத்தமும் கூறுவதே அது. இந்த எளிய பழக்கம் பினாங்குத் தீவை எவ்வாறு வந்தடைந்தது? எந்த மொழியின் வழியாக வந்தது? இன்று அதன் நிலை யாது? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஏட்டின் கோடுகள்

கிறித்துவ உலகில் இப்பழக்கம் மிகத் தொன்மையானது. துறவு மடங்களில் இரவு செபத்தின்போது துறவியர் தம் மனச்சான்றை ஆராய்வது நெடுங்கால வழக்கம். கிறித்துவத்திற்கு வெளியிலும் இதற்கு முன்னோடிகள் இருந்தனர். உரோமைச் சிந்தனையாளர் செனெக்கா, இரவில் விளக்கை அகற்றிய பின்னர், அன்று தாம் செய்தவற்றையும் சொன்னவற்றையும் தமக்குத் தாமே எடுத்துரைத்து ஆராய்ந்ததைக் குறித்து வைத்துள்ளார். கன்பூசியசின் மாணாக்கராகிய செங்சி, நாளும் மூன்று வகையில் தம்மைத் தாம் சோதித்ததாகச் சீன நூல் கூறும். இசுலாத்திலும் 'முகாசபா' என்னும் தற்கணக்காய்வு உண்டு, கி.பி. 857இல் மறைந்த பாக்தாதுப் பெரியார் அல் முகாசிபி அதனாலேயே அப்பெயர் பெற்றார். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சீனர் திருக்கோயிலும் அருகருகே நிற்கும் ஜார்ஜ் டவுனில் வாழ்வோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

எனினும், இதற்குத் திட்டமான ஒரு முறையை வகுத்துத் தந்தவர் இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் (1491-1556) ஆவார். அவர் இயற்றிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். அந்நூலின்படி ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உள. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறல். இரண்டாவது, தன் குறையை அறியும் அருளை வேண்டல். மூன்றாவது, காலை எழுந்தது முதல் மணிக்கு மணி தன்னை ஆராய்தல். நான்காவது, மன்னிப்பு வேண்டல். ஐந்தாவது, திருந்துவதற்கு உறுதி பூணல். குற்றப்பட்டியலோடு தொடங்காமல் நன்றியோடு தொடங்குவதே இம்முறையின் சிறப்பு.

குறிப்பிட்ட ஒரு குறையை வேரறுக்க விரும்புவோர்க்கு இஞ்ஞாசியார் மற்றொரு வழியையும் காட்டினார். காலையில் அக்குறையைத் தவிர்க்க உறுதி கொள்ள வேண்டும். நண்பகலிலும் இரவு உணவுக்குப் பின்னரும் எத்தனை முறை தவறினோம் என எண்ணிப் பார்த்து, ஏட்டில் வரைந்த கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள் இட வேண்டும். நாளுக்கு இரண்டு கோடுகள் வீதம் வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடுகள் உண்டு. நேற்றைய புள்ளிகளோடு இன்றைய புள்ளிகளையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டு, முன்னேற்றம் உண்டா எனக் காண வேண்டும். நாள் தவறாமல் பேரேடு எழுதி ஐந்தொகை காணும் வணிகர்களைக் கண்டு பழகிய பினாங்குத் தமிழர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. பணத்திற்கு எழுதும் கணக்கை மனத்திற்கும் எழுதுக என்பதே இதன் சாரம்.

மொழி அறியாத குருவும் மொழி கற்ற குருவும்

இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் இந்தியா வந்த அவர், தென்பாண்டி நாட்டு முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணியாற்றினார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டி, தமிழில் பெயர்த்து அமைக்கப்பட்ட செபங்களைத் தாம் மனப்பாடம் செய்து அவர்களுக்கும் மனப்பாடமாகக் கற்பித்தார். 1545இல் அவர் மலாக்கா வந்தடைந்தார். மலாயா மண்ணுக்கும் தமிழகக் கடற்கரைக்கும் இடையே அவர் வாழ்வு ஒரு பாலமாக அமைந்தது. பினாங்கு சாலையில் தமிழ்க் கத்தோலிக்கரோடு நெடுங்காலத் தொடர்புடைய ஆலயம் அவர் பெயரையே தாங்கி நிற்பது பொருத்தமுடைத்து.

ஆயினும், சவேரியார்க்குத் தமிழ் நன்கு கைவரவில்லை. செபத்தை மனப்பாடமாகக் கற்பிக்க அது தடையன்று. ஆனால், ஒருவன் தன் உள்ளத்தைத் திறந்து தன் குற்றத்தைக் கூற வரும்பொழுது அவன் மொழியை அறியாத குரு என்ன செய்ய இயலும்? மொழிபெயர்ப்பாளன் ஒருவனை நடுவே நிறுத்திப் பாவசங்கீர்த்தனம் கேட்பது இருவர்க்குமே இடர்ப்பாடாகும். மனிதன் பிறர்க்கு மறைத்த ஒன்றை மூன்றாமவன் வாய்வழியே எங்ஙனம் கூறுவான்?

இந்த இடர்ப்பாட்டிற்கு விடை கண்டவர் என்றீக்கே என்றீக்கசு அடிகளார் (1520-1600). போர்த்துக்கல் நாட்டவராகிய அவர் 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தங்கி, தமிழை முறையாகக் கற்று, மொழிபெயர்ப்பாளரின் துணையின்றியே மக்களோடு உரையாடும் நிலையை எய்தினார். தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணமும் வரைந்தார். அவர் முயற்சியால் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1580இல், பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூலொன்று போர்த்துக்கேயப் பெயருடனேயே தமிழில் வெளியாயிற்று. 1586இல் அடியார் வரலாறு தொடர்ந்தது.

இந்த வரிசையைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். முதல் இரண்டும் இறைவனை நோக்கி வணங்கக் கற்பித்த நூல்கள். மூன்றாவது நூலோ, மனிதன் தன்னை நோக்கி வினவிக்கொள்ளக் கற்பிப்பது. பாவசங்கீர்த்தனக் கையேடுகள் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் வினாக்களைத் தொடுக்கும் இயல்பின. பொய்யுரைத்தாயா, பிறர் பொருளைக் கவர்ந்தாயா, பெற்றோரைப் புறக்கணித்தாயா என வினாக்கள் ஒருவனின் வீட்டிற்குள்ளும் கடைக்குள்ளும் நுழையும். தமிழ் அச்சு பிறந்த இரண்டே ஆண்டுகளில், தமிழன் தன்னைத் தான் வினவுதற்கான வினாக்கள் தமிழிலேயே அச்சாயின என்பது தமிழ் உரைநடையின் வரலாற்றிலும் ஒரு மைல்கல். காப்பியத் தமிழும் கல்வெட்டுத் தமிழும் இருந்த நாட்டில், அடுக்களையையும் அங்காடியையும் மனச்சான்றோடு இணைத்துப் பேசும் உரைநடை அச்சேறிற்று.

அவருக்குப் பின்னர், 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் ஆன்மாவைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதினார். வீரமாமுனிவர் (1680-1747), ஊர்தோறும் மறையுரைத்த உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை இயற்றினார். பிறர்க்கு அறம் உரைப்பவன் முதலில் தன் ஒழுக்கத்தைத் தானே ஆராய்ந்து கொள்ள வேண்டும் என்பதே அந்நூல் நமக்கு உணர்த்தும் பாடம். ஆசிரியப் பணியில் உள்ளோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய நூல் அது.

வீராம்பட்டினத்திலிருந்து புலாவ் தீக்குசுக்கு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்தார். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், கெடாவில் வாழ்ந்த கத்தோலிக்க யுரேசியர்கள் கர்னோ அடிகளாருடன் கடல்கடந்து இத்தீவிற்கு வந்தனர். மரியன்னையின் விண்ணேற்பு விழாவை ஒட்டி வந்தமையின், அவர்கள் நிறுவிய ஆலயம் விண்ணேற்பு அன்னை ஆலயம் எனப் பெயர் பெற்றது. பினாங்கின் கத்தோலிக்க வாழ்வு இவ்வாறு தொடங்கிற்று.

1808இல் மற்றொரு நிறுவனம் இத்தீவை வந்தடைந்தது. அதுவே பொதுக் குருமடம் எனும் கல்லூரி. பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையார் 1665இல் சயாம் நாட்டின் அயூத்தியாவில் அதனைத் தோற்றுவித்தனர். ஆசிய நாட்டவர்க்கு ஆசிய நாட்டுக் குருக்களே பணியாற்ற வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். போர்கள் காரணமாக அது இடம்பெயர நேர்ந்தது. கம்போடியப் பகுதியில் சில ஆண்டுகள் இருந்த பின்னர், 1770இல் அது தஞ்சம் புகுந்த இடம் எது தெரியுமா? புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினம்! பண்டைய யவன வாணிகத்திற்குப் புகழ்பெற்ற அரிக்கமேட்டின் பக்கத்தில், பிஞ்ஞோ தெ பெயேன் அடிகளாரின் தலைமையில், பல நாட்டு மாணவர்கள் அங்கே பயின்றனர். 1780களில் அது மூடப்பட்டது. பின்னர்ப் பினாங்கில் புத்துயிர் பெற்றது. ஆகவே, பினாங்குக் குருமடத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டதாகும். இச்செய்தி நம் மாணவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

புலாவ் தீக்குசில் அமைந்த அக்குருமடத்தில் சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர் எனப் பல இனத்து இளைஞர்கள் ஒருங்கு வாழ்ந்தனர். அவர்களுக்குப் பொதுமொழி இலத்தீன். மணியோசைக்கு எழுதல், தியானம், திருப்பலி, பாடம், ஆத்தும சோதனை, மௌனம் என்பதே குருமட வாழ்வின் ஒழுங்கு. வெளியுலகம் இத்தகைய வாழ்வை வெறும் ஒடுக்கம் என எண்ணக்கூடும். ஆனால், அந்த ஒடுக்கத்தில் உருவான உறுதி எத்தகையது என்பதை வரலாறு காட்டுகிறது. அங்குக் கற்பித்த இலோரான் ஆம்பேர், ஜாக் சஸ்தான் ஆகிய இருவரும் 1839இல் கொரியாவில் தம் நம்பிக்கைக்காக உயிர் நீத்தனர். 1984இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். அங்குப் பயின்ற வியட்நாமியக் குரு பிலிப்பு மின் 1853இல் தலைவெட்டுண்டு இறந்தார். 1988இல் புனிதர் நிலை பெற்றார். நெருக்கடி வந்த நாளில் திடீரெனத் தோன்றிய வீரமன்று அது. பல்லாண்டு இரவுகளில் தம்மைத் தாமே வினவிப் பழகியோர் அளித்த விடை என்றே கொள்ளல் தகும்.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. பாடமொழி இலத்தீனாக இருந்தும், அக்கல்லூரியைச் சார்ந்தோர் தாய்மொழியை மறந்தாரல்லர். வீராம்பட்டினக் காலத்தில் பிஞ்ஞோ அடிகளார் வியட்நாமிய - இலத்தீன் அகராதியைத் தொகுத்தார். அப்பணியைத் தொடர்ந்த தபேர் ஆயரின் அகராதி 1838இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சேறியது. அதற்குத் துணைநின்றவர் மேற்சொன்ன பிலிப்பு மின் அவர்களே. பொதுமொழியில் கற்ற ஞானம், மக்களின் வீட்டு மொழிக்குத் திரும்பினாலன்றிப் பயன்தராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கத்தோலிக்கத் திருச்சபை முழுமையும் இதனை ஏற்று, வழிபாட்டில் தாய்மொழிகளுக்கு வாயில் திறந்தது 1963இல்தான். அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே என்றீக்கசு அடிகளார் தனிமனித மனச்சான்றைப் பொறுத்தவரையில் அவ்வாயிலைத் திறந்துவிட்டார்.

ஆசிரியனின் கணக்கு

1852ஆம் ஆண்டு பினாங்கின் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் லா சால் சகோதரர்களும் இத்தீவிற்கு வந்தனர். லைட் சாலைக் கன்னிமடப் பள்ளியும் செயின்ட் சேவியர் கல்விக்கூடமும் இனவேறுபாடின்றிப் பல தலைமுறை மாணவரை உருவாக்கின.

லா சால் சபையை நிறுவிய ஜான் பாப்திஸ்த் தெ லா சால் (1651-1719) அடிகளார் ஆசிரியர்களுக்காகவே வாழ்ந்தவர். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவர்தம் பள்ளிகளில் மணியடிக்குந்தோறும் பாடத்தைச் சற்றே நிறுத்தி, தாம் இறைவன் திருமுன் இருப்பதை நினைவுகூரும் வழக்கம் இருந்தது. ஆண்டு விடுமுறையில் ஆசிரியர்கள் ஒடுங்கியிருந்து சிந்திப்பதற்காக 16 தியானங்களையும் அவர் எழுதினார். அவற்றுள் ஒரு பகுதி, ஆசிரியன் தன் பணிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதையே வலியுறுத்துகிறது. எளியோர் பிள்ளைக்கும் வசதி படைத்தோர் பிள்ளைக்கும் ஒரே கவனம் அளித்தேனா? சினத்தால் தண்டித்தேனா, திருத்தும் நோக்கத்தால் தண்டித்தேனா? ஆயத்தமின்றி வகுப்பிற்குச் சென்றேனா? இவ்வினாக்கள் எச்சமயத்து ஆசிரியர்க்கும் பொருந்துவன அல்லவா?

இம்மரபு கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், உள்ளத்தின் மாற்றத்தையே சமயத்தின் உயிர்நாடியாகக் கருதிய செருமானியப் பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர். மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, சிறு குழுக்களில் கூடி ஒருவர்க்கொருவர் தம் வார வாழ்வைக் கணக்கொப்பிக்கும் முறையை 1738இல் வகுத்தார். அம்மெதடிஸ்டுகள் 1891இல் பினாங்கில் பள்ளி தொடங்கினர். பெயர்கள் வேறாயினும் பழக்கம் ஒன்றே.

அமைதி குறைந்த காலம்

இன்று நிலை யாது? புலாவ் தீக்குசுப் பகுதியில் லா சால் சகோதரர்களின் நவதுறவியர் பயின்ற செயின்ட் ஜோசப் இல்லம், பின்னர்ப் பள்ளிக்கூடமாகவும் பயன்பட்டு, இக்காலத்தில் 2013இல் திறக்கப்பட்ட கெர்ணி பாராகன் வணிக வளாகத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. கட்டடம் அழகுறப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. உணவகங்களும் கடைகளும் அங்கு உள்ளன. இளந்துறவியர் மௌனம் காத்த தாழ்வாரங்களில் இன்று மக்கள் திரள் நடமாடுகிறது. பொதுக் குருமடமும் தன் பழைய இடத்தைவிட்டுத் தஞ்சோங் பூங்காவிற்குப் பெயர்ந்துவிட்டது. நகரம் வளரும், நிலத்தின் விலை ஏறும், அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால், மௌனத்திற்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் குறையுந்தோறும், அந்த மௌனத்தை வீட்டிற்குள் காப்பது இன்றியமையாததாகிறது.

வீட்டிலோ மற்றொரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. அந்தி சாயும் வேளையில் குடும்பத்தார் ஒன்றுகூடித் தமிழில் செபமாலை சொல்லி, சற்றே மௌனமாக இருந்து ஆத்தும சோதனை செய்யும் வழக்கம் பல இல்லங்களில் தளர்ந்துள்ளது. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் செபிக்கிறது. பாட்டி தமிழில் செபிக்கிறார். இறைவன் எம்மொழியையும் அறிவான் என்பது மெய்யே. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர் அதில் தம் உள்ளத்தை ஆராய்வதில் பிழையும் இல்லை. ஆனால், தமிழில் சிந்தித்துத் தமிழில் சினந்து தமிழில் பொய்யுரைக்கும் ஒருவர், தம் குற்றத்தை மட்டும் மற்றொரு மொழியில் எண்ணிப் பார்ப்பாராயின், அக்குற்றத்தின் கூர்மை மழுங்கிவிடும். இரவல் மொழியில் புகழ்பாட இயலும். இரவல் மொழியில் தன்னைத் தான் குற்றஞ்சாட்டுதல் அரிது. சவேரியாரும் என்றீக்கசு அடிகளாரும் தென்கரையில் கண்ட வேறுபாடு இதுவேயாம்.

அதனினும் கவலைக்குரியது, எம்மொழியிலும் தன்னை ஆராயாத நிலை. பொறாமை, புறங்கூறல், வஞ்சம், மெய்வருத்தம், கழிவிரக்கம், மனச்சான்று ஆகிய சொற்களின் நுண்ணிய பொருள்வேறுபாட்டை அறியாத மாணவன், அவை தன் நெஞ்சில் எழும்பொழுது எங்ஙனம் இனங்காண்பான்? பெயரிட இயலாத நோய்க்கு மருந்திடல் இயலாது. இங்கே தமிழாசிரியரின் பணி தொடங்குகிறது. திருக்குறளின் குற்றங்கடிதலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நடத்தாமல், அவ்வதிகாரம் தொடுக்கும் வினாக்களை மாணவன் தன்னிடமே கேட்டுக்கொள்ளும்படி வகுப்பில் இரண்டு நிமிட மௌனம் அளிப்பாராயின், அதுவே சமயம் கடந்த ஆத்தும சோதனையாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. தன்னை ஆராய்தல் வேறு. தன்னை வதைத்தல் வேறு. இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசா நகரில் தங்கியிருந்த காலத்தில், மன்னிக்கப்பட்ட குற்றங்களையே மீண்டும் மீண்டும் எண்ணி ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்தவர். அதினின்று மீண்டமையால்தான், நன்றியோடு தொடங்கி உறுதியோடு முடியும் முறையை அவரால் பிறர்க்கு வகுத்துத்தர முடிந்தது. வருத்தத்தோடு நின்றுவிடும் சோதனை முழுமை பெறாது. மறுநாள் காலையில் ஒரு செயலாக மலரும் சோதனையே பயனுடையது.

முடிவுரை

அயூத்தியாவும் வீராம்பட்டினமும் முத்துக்குளித்துறையும் மலாக்காவும் பினாங்கில் வந்து சங்கமித்தன. கப்பல்களில் மிளகும் துணியும் மட்டும் வரவில்லை. மனிதன் தன்னைத் தான் வினவும் ஒரு பழக்கமும் வந்தது. அப்பழக்கத்திற்குத் தேவையான சொற்கள் 1580 முதல் தமிழில் அச்சு வடிவில் உள்ளன. அதற்கு ஆலயமோ மடமோ வேண்டுவதில்லை. ஒரு நாற்காலியும் கால்மணி நேர அமைதியும் போதும். இன்று யாருக்கு நன்றி கூற மறந்தேன், யார் மனத்தைப் புண்படுத்தினேன், நாளை எதனைச் செம்மைப்படுத்துவேன் என்னும் மூன்று வினாக்களைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு அளிப்போமாயின், அவர்கள் எச்சமயத்தவராயினும், இம்மொழி அவர்தம் நாவோடு நில்லாமல் நெஞ்சிலும் வாழும்.